ஏரிக்கரையில் உயிர்காப்பாளர் இல்லை

ஆசிரியருக்கு,

கோடை வார இறுதியில் சிநேகிதர்களோடு ஏரிக்கரை கோட்டேஜ் ஒன்றில் தங்குவது பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். வாடகை, வழி, வாட்டுகிற இறைச்சி எல்லாம் விபரமாக இருந்தன. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருந்து பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து ஒன்ராறியோவின் ஏரிப் பகுதிகளான கவார்த்தாவுக்கும் ஹலிபேட்டனுக்கும் மஸ்கோக்காவுக்கும் போகிற எங்கள் சனத்துக்கு முதலில் சொல்லவேண்டியது அதுதான்.

'எனக்கு நீந்தத் தெரியும்' என்பவர்களைப் பற்றியே எனக்குக் கூடுதல் கவலை. கீரிமலைக் கேணியிலும் வல்வெட்டித்துறைக் கடலிலும் பழகிய நீச்சல் நல்ல நீச்சல்தான். ஆனால் அது வெப்பமான தண்ணீரில் பழகியது. கடலில் உப்பு உடம்பைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும். ஏரியின் நன்னீர் அந்த அளவுக்குத் தாங்காது. ஜூன் மாதத்தில் மேல்தண்ணீர் வெயிலுக்கு இதமாக இருக்கும், கீழே காலில் படுவது வேறு தண்ணீர். பனி உருகிய குளிர் அங்கே இன்னும் கிடக்கும். டொக்கிலிருந்து, அதாவது தண்ணீருக்குள் நீளும் படகு மேடையிலிருந்து, குதித்து அதற்குள் போனால் மூச்சு எங்களைக் கேளாமலே உள்ளே இழுபடும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தால் இழுபடுவது தண்ணீர். எவ்வளவு நன்றாக நீந்துபவருக்கும் இது நடக்கும். முதல் ஓரிரு நிமிடம்தான் இந்த அதிர்ச்சி. அதனால் ஏணியால் இறங்கி, அதைப் பிடித்தபடியே நின்று, மூச்சு சீரான பிறகு கையை விடுங்கள். தவறி விழுந்தவர் உடனே கரைக்கு நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மிதந்து மூச்சை மீட்டுக்கொள்ளவேண்டும்.

அந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல இருக்கும். அழுக்கல்ல, காட்டுச் செடிகொடிகள் ஊறிய நிறம். ஆனால் அடியில் இருக்கிற பாறை கண்ணுக்குத் தெரியாது. டொக்கின் இந்தப் பக்கம் இடுப்பளவு, இரண்டு எட்டு வைத்தால் ஆள் தாழும். வந்த அன்றே துடுப்பை விட்டு நாலு பக்கமும் ஆழம் பாருங்கள். தலைகீழாகப் பாய்வது கூடவே கூடாது. கழுத்தெலும்பு முறிவதற்கு ஒரு பாறை போதும்.

லைஃப் ஜாக்கெற் என்கிற மிதப்பு அங்கியை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. கோட்டேஜ் கொட்டிலில் தொங்குபவற்றில் சிப் ஓடாதவை, பட்டி அறுந்தவை, பூஞ்சணம் பிடித்தவை இருக்கும். உள்ளே இருக்கிற சிட்டையில் எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். பிறகு பிள்ளைக்குப் போட்டு, சிப்பை இழுத்து, பட்டிகளை இறுக்கி, இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொல்லி, தோளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரிது. தண்ணீரில் பிள்ளை கழன்று கீழே போய்விடும். சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கு இடையே போகிற பட்டி இருக்கவேண்டும். காற்றடித்துப் பெருக்கும் வகை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதாகக் கணக்கில் எடுக்கப்படாது. கனூ என்கிற துடுப்புப் படகில் ஆளுக்கொரு அங்கியோடு, விசில், தண்ணீர் இறைக்கும் கோப்பை, 15 மீற்றர் மிதக்கும் கயிறு ஆகியவையும் இருக்கவேண்டும் என்பது கனடாவின் சட்டம். காற்றடித்த அன்னமும் மெத்தையும் இந்தக் கணக்கில் சேராது. கரையிலிருந்து காற்று வீசினால் அவை நடு ஏரிக்குப் போகும், அவற்றைத் துரத்தி நீந்துபவர் களைத்துப்போவார்.

பத்துப் பேர் கரையில் இருந்தால் பிள்ளைகளை எல்லோரும் பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். தாழ்கிறவர் கத்துவதில்லை, மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கே வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், அவ்வளவுதான். எனவே 20 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். முறைக்காரர் கையில் போனும் இல்லை, பியரும் இல்லை. ஒரு சிவப்புத் தொப்பியை அவர் தலையில் போட்டு, மாறும்போது கையோடு கைமாற்றுங்கள். ஒருவர் தத்தளித்தால் அவரிடம் பாயாதீர்கள். கயிறோ மிதவையோ எறியுங்கள், துடுப்பை நீட்டுங்கள். படகு ஓட்டுபவருக்கும் குடி ஆகாது. ஒன்ராறியோவில் போதையில் படகோட்டிப் பிடிபட்டால் கார் லைசென்சும் போகும்.

911ஐ அழைத்தால் அவர்கள் முதலில் கேட்பது இடத்தைத்தான். றோட்டு முகப்பில் இருக்கும் இலக்கப் பலகையைப் போன அன்றே பார்த்து, இலக்கத்தையும் றோட்டுப் பெயரையும் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். எந்த மூலையில் போன் சிக்னல் கிடைக்கிறது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

வீட்டுக்குள் இரண்டு விடயம். முதலாவது செப்ரிக் தாங்கி, வீட்டுக் கழிவுநீர் போய்ச் சேரும் நிலத்தடித் தாங்கி. றோல்ஸ் பொரித்த எண்ணெயையும் ஆட்டுக்கறிக் கொழுப்பையும் சிங்கில் ஊற்றினால் அது குழாயில் உறைந்து அடைக்கும், ஞாயிறு காலையில் கழிவுநீர் போக வழியின்றி மலசலகூடத்தில் பொங்கும். பழைய பேணி ஒன்றில் ஊற்றி, ஆறவிட்டுக் குப்பையில் போடுங்கள். ஈரத் துடைப்பான்களையும் மலசலகூடத்துக்குள் போடாதீர்கள், பொதியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அடுத்தது குடிதண்ணீர். பல இடங்களில் ஏரியிலிருந்து இழுத்த தண்ணீரைப் புறஊதா விளக்கொன்றுதான் சுத்தம் செய்கிறது. மின்சாரம் போனால் அந்த விளக்கும் போகும். அப்போது தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்கள். ஆனால் ஏரியில் பச்சைப் பெயின்ற் கொட்டியதுபோல நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை, நஞ்சு போகாது. சோறு வடிக்கவும் அந்தத் தண்ணீர் உதவாது, குளிப்பதும் வேண்டாம். போத்தல் தண்ணீர் இரண்டு பெட்டி காரில் இருக்கட்டும்.

விறகை ரொறன்ரோவிலிருந்து ஏற்றவேண்டாம், அதற்குள் மரம் அரிக்கும் வண்டு பயணம் செய்யும். அங்கேயே வாங்குங்கள், தீ மூட்டத் தடை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

கட்டுரையோடு வந்த படத்தையும் சொல்லவேண்டும். கனூவில் நான்கு பிள்ளைகள், ஒருவரிலும் லைஃப் ஜாக்கெற் இல்லை. கனடா தினத்துக்கு முந்தைய இதழில் இதைப் பற்றி அரைப்பக்கமாவது போடுங்கள். படத்தையும் மாற்றிப் போடுங்கள்.

வாசகர்,
ஸ்காபரோ