டானூப் கரையில் இரும்புக் காலணிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் புடாபெஸ்ட் பயணக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன், போன வருடம் நானும் மகளும் அங்கே போய் வந்ததால். வெந்நீர்க் குளங்களுக்கு ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு அரைப் பக்கம், எல்லாம் சரி. ஆனால் டானூப் கரையில் இருக்கும் இரும்புக் காலணிகளை 'படம் எடுக்க அருமையான இடம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனதை அறுக்கிறது.

1944 அக்டோபரில் அம்புச் சிலுவைக் கட்சி என்ற யூத வெறுப்புக் கட்சி நாஜிகளின் துணையோடு ஹங்கேரியில் ஆட்சியைப் பிடித்தது. அதற்கு முன்பே, மே முதல் ஜூலைக்குள், வெளியூர்களில் இருந்த யூதர்கள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரை நாஜிகளும் ஹங்கேரி அதிகாரிகளும் ரயிலேற்றிவிட்டார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமுக்கு. தலைநகர் புடாபெஸ்டில் இருந்தவர்கள்தான் மிச்சம். அந்தக் குளிர்காலத்தில் அம்புச் சிலுவையினர் அவர்களை ஆற்றங்கரைக்கு இழுத்து வந்து, காலணியைக் கழற்றச் சொல்லி, வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். உடல்கள் ஆற்றோடு போயின. கழற்றச் சொன்னது எதற்கென்றால், போர்க்காலத்தில் காலணிக்கு நல்ல விலை, அவ்வளவுதான்.

ஜான் டோகாய் என்ற திரைப்பட இயக்குநரும் ஜூலா பாவர் என்ற சிற்பியும் சேர்ந்து 2005இல் 60 ஜோடிகளை அந்தக் காலத்து மாதிரியிலேயே இரும்பில் செய்து, கரையின் விளிம்பில் பதித்தார்கள். குதிகால் வைத்தது, நைந்து வாய்பிளந்தது, அப்புறம் குழந்தைகளுடையது. நம் வீட்டு வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், இங்கே எதிரே தண்ணீர் மட்டும்தான். ஒரு சின்ன ஜோடிக்குள் யாரோ கூழாங்கல் போட்டிருந்தார்கள் (கல்லறையில் கல் வைப்பது யூதர்களின் வழக்கம்), மகளும் ஒன்று தேடி எடுத்துவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு இளைஞர் பெரிய ஷூ ஒன்றில் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிப்போய்க் காலை எடுத்துவிட்டார். பாவம், அவருக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போவதற்குக் காரணமும் இருக்கிறது. அங்கே பதித்திருக்கும் பலகையில் அம்புச் சிலுவையினர் சுட்டு ஆற்றில் தள்ளியவர்களின் நினைவாக என்று மட்டும்தான் இருக்கிறது, யூதர் என்ற சொல்லே கிடையாது. உங்கள் கட்டுரையிலும் இல்லை. அதை நம்பிப் போகிறவர்களுக்காக அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து தெற்கே கரையோரமாகச் சில நிமிடம் நடந்தால் போதும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி