கார்த்திகை மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்: கம்பம் வராத கொட்டாய்களுக்கான சோலார்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம், அரூர், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் கரண்ட் கம்பத்துக்கு எட்டாத காட்டுக்கொட்டாய்களுக்கு சோலார் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை வாட் பேனல் போடணும்?" என்பதுதான். நாங்கள் திருப்பிக் கேட்பது, ராத்திரியில் எதெல்லாம் எவ்வளவு நேரம் ஓடும் என்று. அதை வைத்துத்தான் பேட்டரி. பேட்டரியை வைத்துத்தான் பேனல்.

நான்கு பேர் இருக்கிற வீட்டையே எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாட்-மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). கரண்ட் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, எட்டு மணி நேரம்: 480. டிவி 50 வாட், மூன்று மணி நேரம்: 150. மிக்ஸி 750 வாட், பத்து நிமிஷம்: 125. செல்போன்களுக்கு 30. மொத்தம் 965. பழைய 75 வாட் ஃபேனையே வைத்துக்கொண்டால் ஃபேன் மட்டும் 1,200 தின்னும். அதனால் பேட்டரிக்குக் காசு போடும் முன் ஃபேனை மாற்றுங்கள்.

பலரும் கணக்கில் விட்டுவிடுவது, பேட்டரியின் டி.சி.யை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. ஒரு பல்புகூட எரியாவிட்டாலும் சிறிய இன்வெர்ட்டர் 12 வாட் போல இழுத்துக்கொண்டே இருக்கும். 24 மணி நேரத்துக்கு 288. மாற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,400 வாட்-மணி வரும். ஒன்றரை யூனிட் (1,500 வாட்-மணி) என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் வகை லெட் ஆசிட் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், கைக்கு வருவது 900தான். ஆகவே இந்த வீட்டுக்கு இரண்டு பேட்டரி, 24 வோல்ட் இணைப்பு. வாங்கும்போது லேபிளில் சி10 (பத்து மணி நேரத்தில் இறக்கும் கணக்கில் அளந்த கொள்ளளவு) என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் சோலாருக்கானது.

இனி பேனல். சித்திரையில் நம் பக்கம் ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேர முழு வெயில் கிடைக்கும். சூடு, தூசி, சார்ஜ் இழப்பு எல்லாம் போக 65 சதவீதம் நிற்கும். 540 வாட் பேனல் ஒன்றே 1,900 வாட்-மணி தந்துவிடும். அதே பேனல் கார்த்திகை மூட்டத்தில், மூன்று மணி நேர வெயிலில், 1,050தான் தரும். 1,500 தேவைப்படும் வீட்டில் தினமும் 450 குறையும். அப்போதும் லைட் எரியும், ஃபேன் சுற்றும், ஆனால் பேட்டரி ஒரு நாளும் நிறையாது. இப்படி வாரக்கணக்கில் அரைகுறையாகவே கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியில் தகட்டின் மேல் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. தை மாதம் "புதுப் பேட்டரி நிக்கவே மாட்டேங்குது" என்று வருகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே இந்த வீட்டுக்கு இரண்டு 540 வாட் பேனல் போடச் சொல்கிறோம். சித்திரையில் மிஞ்சுவது மிஞ்சட்டும். சார்ஜ் கரண்ட்டை 20 ஆம்பியருக்கு மேல் போகாமல், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலரில் கட்டிவைத்தால் போதும்.

கன்ட்ரோலரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 540 வாட் பேனல் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தருவது. அதை 12 வோல்ட் பேட்டரிக்கு சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வழியாகக் கொடுத்தால், 13 ஆம்பியர் அப்படியே வரும்; வோல்ட் மட்டும் பேட்டரியின் 13க்கு இறங்கிவிடும். கிடைப்பது 170 வாட், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வாங்குங்கள். அதிலும் ஒரு கவனம்: இரண்டு பேனலை சீரிஸில் போட்டால் இரண்டின் வோல்ட்டும் கூடி, லோடு இல்லாத நிலையில் 99 வோல்ட். தளி, தேன்கனிக்கோட்டையில் மார்கழி விடியற்காலைக் குளிரில் அது 102, 103 வரை ஏறும். 100 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர் அன்றைக்கே போய்விடும். ஒன்று 150 வோல்ட் மாடல் எடுங்கள், இல்லையென்றால் வோல்ட் கூடாதபடி பேரலலில் போடுங்கள்.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே ஒயர் ஒன்றரை மீட்டருக்குள், 25 சதுர மி.மீ. காப்பர். பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ். பேனல் லைனில், கோளாறு வந்தால் தானாக விழும் வீட்டு ஏ.சி. எம்.சி.பி. சுவிட்ச்சைப் போடாதீர்கள், டி.சி.யில் எழும் தீப்பொறி அதில் அணையாது, உருகிப் பற்றிக்கொள்ளும். டி.சி. எம்.சி.பி. தனியாகக் கிடைக்கிறது. மருந்தடிக்கும் ஸ்பிரேயரை சார்ஜ் போட இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எடுத்த பேட்டரி தினமும் குறையும், மற்றது அளவுக்கு மேல் கொதிக்கும். கடைசியில் இரண்டும் கெடும்.

பேனல் தெற்கு பார்த்து, 12 முதல் 15 டிகிரி சாய்வு. புளியமர நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் விழுந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கழுவுவது விடியற்காலையில், பேனல் சூடாவதற்குள். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், கழுவியதும் துடைத்துவிடுங்கள். பேட்டரிக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே.

லித்தியம் வாங்கலாமா? தினமும் பேட்டரியிலேயே வாழும் வீட்டுக்கு, வாங்கலாம் என்பதே எங்கள் எண்ணம். 25.6 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட்டில் 2,000 வாட்-மணி தாராளமாக எடுக்கலாம், அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் கெடாது. பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இல்லாவிட்டால் மட்டும் மாட்டாதீர்கள்.

கிணற்று மோட்டாரை இந்த பேட்டரியில் ஓட்ட வேண்டாம். 1 எச்.பி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். பகலில் பேனலிலிருந்தே ஓடும் சோலார் பம்ப் போட்டுத் தொட்டியை நிரப்புங்கள். அதற்கு மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் மானியம் கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 2024இல் வந்த, வீட்டுக் கூரை சோலாருக்கான பி.எம். சூர்யா கர் மானியம் மின்வாரிய இணைப்புள்ள வீடுகளுக்குத்தான்.

கடைக்கு வரும்போது மூன்று விவரம் கொண்டுவாருங்கள்: என்னென்ன எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிய தாள், பேனல் வைக்கும் இடத்திலிருந்து பேட்டரி வரை அளந்த தூரம், காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு அந்த இடத்தை செல்போனில் எடுத்த படங்கள்.

இப்படிக்கு,
கடையில் உள்ளோர், தர்மபுரி