அப்பா துடைத்த விமானம்

செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள கோவிந்து,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டி வலி என்று சாக்குச் சொல்ல மாட்டேன், சோம்பல்தான். பேரன் பிறந்த செய்தி கேட்டு இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். பெயர் வைத்தாயிற்றா என்று மல்லிகா கேட்கச் சொன்னாள்.

ஈஸ்டர் விடுமுறைக்கு நாங்கள் நியூசிலாந்து போய்வந்தோம். சின்னவள் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தேனே. மல்லிகா மகளோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். மருமகன் மட்டும் என்னைக் காரில் ஏற்றி ஐந்து மணி நேரம் ஓட்டி, வானாக்கா என்ற ஏரிக்கரை ஊருக்குக் கூட்டிப்போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஈஸ்டரில் அங்கே பழைய போர் விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டுகிறார்கள். பணக்கார முதலாளிகளான தவுக்கேமார்களின் பொம்மைக் கண்காட்சிக்கு நான் எதற்கு என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். டிக்கெட் விலையை மல்லிகாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அங்கே போனதும் எங்கே திரும்பினாலும் ஒரே பேர்தான் காதில் விழுந்தது: டிம் வாலிஸ். 1988-ல் இந்தக் கண்காட்சியை ஆரம்பித்தவர். 2023 அக்டோபரில், 85 வயதில் இறந்துபோனார். அவர் பணம் சேர்த்த கதையைக் கேள். வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்ட மான், நியூசிலாந்து மலைகளில் எக்கச்சக்கமாகப் பெருகிச் சரிவுகளை மொட்டையடித்துவிட்டது. அரசாங்கமே ஆள் வைத்துச் சுட்டது. இவர் ஹெலிகாப்டரை இறக்கி, சுட்ட மானை மலையிலிருந்து தூக்கிவந்து இறைச்சியாக ஏற்றுமதி செய்தார். அப்புறம் அதே மானை உயிரோடு பிடித்துப் பண்ணை வைத்தார். முற்றாத கொம்பு கொரியாவுக்குப் போனது. தேக்கா பக்கத்துச் சீன மருந்துக் கடையில் கண்ணாடிப் புட்டிக்குள் வட்ட வட்டமாக நறுக்கி வைத்திருப்பார்களே, நாம் காய்ந்த கிழங்கு என்று நினைப்போமே, அதுதான்.

1968-ல் ஹெலிகாப்டர் விழுந்து அவருக்கு முதுகெலும்பு முறிந்தது. இடது கால் செயலிழந்தது செயலிழந்ததுதான். அந்தக் காலைத் தாங்க ஒரு கட்டு மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினார். 1984-ல் மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானம் ஒன்றை வாங்கினார், பிறகு ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானம். சோவியத் காலத்து ஐ-16 ரக விமானங்கள் ரஷ்யாவில் உடைந்து கிடந்ததைத் தேடியெடுத்து, நோவோசிபிர்ஸ்கில் ஆறு விமானங்களைப் புதுப்பிக்கச் செய்தார். அந்த ஐ-16-ல் ஒரு வேடிக்கை உண்டு. மேலே ஏறியதும் சக்கரத்தை உள்ளே இழுக்க, விமானி கையால் ஒரு பிடியை நாற்பத்து நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு கை சுற்றச் சுற்ற இன்னொரு கை ஆடும், விமானமும் சேர்ந்து ஆடும். நம் கம்பத்து, அதாவது கிராமத்துக் கிணற்று ராட்டினம் ஞாபகம் வந்தது.

1996 ஜனவரியில் அவருடைய ஸ்பிட்ஃபயர் கிளம்பும்போதே கட்டுப்பாடு இழந்து விழுந்தது. தலையில் பலத்த அடி, பிழைத்ததே பெரிய காரியம். அது கிரிஃபன் எஞ்சின் வைத்த ரகம். ஸ்பிட்ஃபயரில் மெர்லின் எஞ்சினுக்கும் கிரிஃபனுக்கும் விசிறி எதிரெதிராகச் சுற்றும். ஒன்று கிளம்பும்போது இடது பக்கம் இழுத்தால் மற்றது வலது பக்கம் இழுக்கும். பழகின கால் தப்பான பக்கம் மிதித்தால் தீர்ந்தது. இதெல்லாம் போதாதென்று, 2018-ல் ஜூலையில் ஒரு மகன், அக்டோபரில் இன்னொரு மகன், இரண்டு பேருமே ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டார்கள். இதற்குமேல் அந்த மனுஷனைத் தவுக்கே என்று கேலி பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றியது. இத்தனைக்குப் பிறகும் ஒரு தகப்பன் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பானா, காதைப் பொத்திக்கொள்வானா? யாரிடம் கேட்பது!

மத்தியானம் ஒரு ஸ்பிட்ஃபயர் கிளம்பியது. விசிறி இரண்டு சுற்று தயங்கியது. பக்கக் குழாய்களிலிருந்து புகை குபுக்கென்று வந்தது. பிறகு ஒரு உறுமல், நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே கேட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகன் காற்றில் தூசி அதிகம் என்று சொல்லித் தண்ணீர் போத்தலை நீட்டினார். நல்ல பிள்ளை.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு வேலியோரம் நடந்தோம். இன்னொரு பழைய விமானத்துக்கு அடியில் வெள்ளைத் தலை மனுஷர் ஒருவர் புல்லில் மல்லாந்து படுத்து, துணியால் அதன் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த எஞ்சின்கள் எண்ணெய் ஒழுக்கிக்கொண்டே பறக்கும். இறங்கினால் அடிவயிறு பூராவும் கறுப்புக் கோடாக இருக்கும். வேலையாள் என்று நினைத்தேன். இல்லை, அவர்தான் முதலாளி என்றார் மருமகன். துணியை மடித்து, மடித்த பக்கத்தைத் திருப்பி, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசை போகும் போக்கிலேயே துடைத்தார். குறுக்கே ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை.

என் அப்பா சாப்பாட்டு மேசையை அப்படித்தான் துடைப்பார், ஞாபகம் இருக்கிறதா? "என்னப்பா, பிளேன் துடைக்கிறீங்களா" என்று நாம் சிரிப்போம். சிலேத்தார் விமானப்படைத் தளத்தில் விமானம் துடைக்கும் வேலைக்கு அவருக்கு நாள்கூலி. அதே வேலையைச் செய்ய இந்த மனுஷர் பல மில்லியன் செலவழித்திருக்கிறார். கோபம் வரவேண்டும், வரவில்லை. அப்பா இருந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அங்க விட்டுப்போச்சு பாருங்க" என்று கையைக் காட்டியிருப்பார்.

வெள்ளைக்கார விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகப் பணிக்குப் பறந்தது நம் சிலேத்தாரிலிருந்துதான், 1954 ஏப்ரல் 1. ஜோகூர் காட்டைப் படம் பிடிக்கப் போனது. அதன் மூக்கில் "கடைசி" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்களாம். 1959 மே மாதம் சண்டர்லேண்ட் கடல் விமானங்களும் அங்கேயே ஓய்ந்தன. இப்போது அந்த ஓடுதளத்தில் தனியார் ஜெட்டுகள் வரிசையாக நிற்கின்றன. பளபளப்புக்குக் குறைவில்லை. பழசை வாங்கிப் பறக்க இங்கே யாருக்கும் ஆசை வந்தாலும் எங்கே பறப்பான்? ஏறினால் மலேசியாவின் ஜோகூர், திரும்பினால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. பக்கத்து ஜாலான் காயு தெருவில் பரோட்டா மட்டும் இன்னும் கிடைக்கிறது. நம் கம்பம் இருந்த பக்கமெல்லாம் அடுக்குமாடி.

திரும்பி வந்ததும் அலமாரியிலிருந்து அம்மாவின் அலுமினியப் பெட்டியை இறக்கினேன். சண்டர்லேண்ட் ஒன்றை உடைத்தபோது கிடைத்த தகட்டில் அப்பா செய்யச் சொல்லி வாங்கியது. பிறப்புப் பத்திரமும் அடகுச் சீட்டும் அதில்தான் இருக்கும். அமெரிக்காவில் கெர்மிட் வீக்ஸ் என்றொருவர் இருக்கிறார். தாத்தாவின் ஆஸ்திரேலிய எண்ணெய்ப் பங்கில் வந்த பணத்தில் விமானங்களாக வாங்கிக் குவித்தவர், தானே ஓட்டவும் செய்பவர். 1993-ல் ஒரு முழு சண்டர்லேண்டை இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டிப் பறக்கவைத்தே கொண்டுபோனார். அவரிடம் முழுசாக ஒன்று, என்னிடம் ஒரு முழ நீளத் துண்டு. பேரனிடம் காட்டினேன். "தாத்தா, இதில் ஓட்டை எதற்கு?" என்றான். ரிவெட் கழன்ற இடம் என்றேன்.

அப்பா இரண்டு பெட்டி செய்யச் சொன்னார், ஒன்று உங்கள் வீட்டுக்கு. 1971-ல் வெள்ளைக்காரன் கிளம்பி, உங்கள் அப்பா கணக்கு முடித்து ரஜூலா கப்பல் ஏறியபோது உன் அம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது இன்னும் இருக்கிறதா? பரணில் தேடிப் பார். இருந்தால் படம் எடுத்து அனுப்பு. என் பெட்டியின் ஒரு பக்கத்தில் ரிவெட் வரிசை பாதியில் அறுந்து நிற்கிறது. மீதி உன் பெட்டியில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
செல்வம்