அரைக்கட்டை ஏறிப்போன சுருதி

குமாரசாமிப்பேட்டை,
தர்மபுரி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூர் வீட்டு வேலை ஒருவழியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்த வருஷம் மாங்காய் சுமார்தான், பெங்களூரா மட்டும் கொஞ்சம் காய்த்திருக்கிறது.

கடைசியில் நீ எழுதியிருந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டைக்குச் சுருதி சேர்த்த ஒரு கட்டைத் தம்புரா, இப்போது அடுத்த கருப்புக் கட்டைக்கு ஏறி ஒன்றரைக் கட்டையாகக் கேட்கிறது, பழகின கச்சேரியெல்லாம் வேறு யாரோ பாடுவதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

உன் காதின் அருமை தெரிந்தவன் நான். தைப்பூசத் தேருக்கு வரும் நாயனத்தைக் கேட்டதும், "நேத்து வந்தது ரெண்டு கட்டை, இது ரெண்டரை" என்பாய். உங்கள் வீட்டு ஆர்மோனியத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு தடவைகூட நீ சொன்னது தப்பியதில்லை. டேப் ரிக்கார்டரில் பேட்டரி இறங்கினால் நாங்கள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்போம், நீ தாங்க முடியாமல் எழுந்துபோய் அணைத்துவிடுவாய். நாடாவின் வேகம் நூற்றுக்கு 6 பங்கு குறைந்தாலே சுருதி அரைக்கட்டை இறங்கிவிடும் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு அமையும் காது என்பார்கள்.

இந்தக் காது உள்ளவர்களுக்கு ஐம்பதைத் தாண்டினால் இப்படி ஏறிக் கேட்பது சகஜமாம். ரஷ்யப் பியானோ மேதை ரிக்டருக்கே வயதான காலத்தில் அப்படித்தான் ஆனது. அந்தக் காது இல்லாத எங்களுக்கும் உட்காது மாறிக்கொண்டுதான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே ஒரு அளவு இல்லாததால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

என் பேத்தி சங்கதியைக் கேள். அவளுக்கும் உன் காதுதான். மிக்ஸி ஓடினாலே அது எந்தக் கட்டை என்று சொல்லிவிடுவாள். முதலில் கீபோர்டு கற்றுக்கொண்டாள், அதில் முதல் வெள்ளைக் கட்டைதான் 'ச'. இப்போது வாய்ப்பாட்டுக்குப் போகிறாள். டீச்சர் ஐந்து கட்டை சுருதி வைத்ததும், அதாவது ஐந்தாவது வெள்ளைக் கட்டையை 'ச' ஆக்கியதும், வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "தாத்தா, அவங்க 'ப'வைப் போய் 'ச'ன்னு பாடச் சொல்றாங்க!"

அவளைக் கீபோர்டு முன்னால் உட்கார வைத்தேன். கருப்புக் கட்டைகளை மட்டும் தொடு என்றேன். மூன்று சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை நான் கீழ் ஸ்தாயியில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அங்கிருந்தே அவள் வரிசையாக வாசித்தாள். மோகன ராகம். அடுத்த கருப்புக் கட்டைக்கு விரலை நகர்த்தி, இப்போது இதுதான் 'ச' என்றேன். மத்யமாவதி வந்தது. இன்னொன்று தள்ளினால் ஹிந்தோளம். அதே ஐந்து கருப்புக் கட்டைகள்! பாடகர் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்ரமணியம்) மேடையில் செய்துகாட்டிய கிரகபேதம், 'ச'வை இடம் மாற்றி வேறு ராகம் காட்டுவது, இதுதான். பிள்ளை கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. அப்புறம், "அப்போ 'ச' நாம வைக்கிறதுதானா?" என்று கேட்டாள்.

அதைக் கேட்டபோது உன் நினைப்புதான் வந்தது. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்தில் பாடினாலும் எனக்குத் தோடி தோடிதான். உன் காதில் எல்லாமே சேர்ந்துதானே ஏறியிருக்கிறது? காந்தாரம், அந்த 'க', 'ச'விடமிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில்தானே இருக்கிறது? பழைய கேசட்டுகளைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். இறக்கி வை. எந்தக் கட்டை என்று பார்க்காமல், தம்புராவோடு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு அப்புறம் கேட்டுப் பார்.

முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. பேத்தி மோகனத்தில் ஒரு கீதம் பாடுகிறாள். சுருதிப் பெட்டியை ஐந்தில் வைப்பேன், உனக்கு ஐந்தரையாகக் கேட்கும், கேட்கட்டும். அவள் காந்தாரத்தில் நிற்கும்போது சரியாக நிற்கிறாளா என்று நீதான் சொல்லவேண்டும். அதற்கு எனக்கு வேறு ஆள் கிடையாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்