நாலும் ஒன்றல்ல

அன்புள்ள சேகர்,

இத்தனை மாதம் பதில் போடாததற்குத் திட்டிவிடு. திட்டி முடித்ததும் மேலே படி. இங்கே எல்லோரும் நலம். ராகவன் இன்னும் அந்தப் பழைய பாறையை விடவில்லை.

உன் மாணவியின் வரைவைப் படித்தேன். நன்றாக எழுதுகிறாள். ஆனால் ‘ஹாலஜன்கள் தட்டோடு மேன்டிலுக்குள் போகின்றன’, அதாவது கடலடித் தட்டு புவியோட்டுக்குக் கீழுள்ள அடுக்குக்குள் அமிழும்போது கூடவே போகின்றன என்று, ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் நாலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாளே, அதுதான் உறுத்துகிறது. ஒரே பேருந்தில் ஏறினாலும் நாலும் ஒரே நிறுத்தத்தில் இறங்குவதில்லையடா.

அயனி ஆரத்தைப் பார். ஃபுளோரைடு 1.33 ஆங்ஸ்ட்ராம், ஏறக்குறைய ஹைட்ராக்சில் (OH) அளவு. கனிமத்தில் ஹைட்ராக்சில் இருக்கிற இடத்தில் சுலபமாகப் பொருந்திவிடும். குளோரைடு 1.81, புரோமைடு 1.96, அயோடைடு 2.20. இவற்றுக்கு அங்கே இடம் போதாது. நீர் பிரியும்போது அதோடு கிளம்பிவிடும்.

அயோடின் பெரும்பாலும் கடற்படிவின் கரிமப் பொருளில் இருப்பது. படிவு நசுங்கிச் சூடேறியதும் அதன் இடுக்குகளில் தங்கிய துளைநீரில் கலந்து, பெரும்பகுதி ஆழம் போகும் முன்பே வெளியேறிவிடும். ஆனாலும் முழுக்க அல்ல: ஜப்பானின் சான்பகாவா பாறைப் பட்டையில் ஹிகாஷி-அகாயிஷி என்ற இடத்தின் மேன்டில் பாறையான பெரிடோடைட்டில் துளைநீரை ஒத்த ஹாலஜன் விகிதத்தை 2010இல் காட்டினார்களே, அது சுமார் 100 கி.மீ. ஆழத்துப் பாறை. அவள் அதைச் சேர்த்தே ஆகவேண்டும்.

குளோரினைச் சுமப்பதில், மேன்டில் பாறையில் நீர் ஏறி உண்டாகும் கனிமமான செர்ப்பென்டைனுக்குப் பெரிய பங்கு. அதன் வகைகளான லிசார்டைட்டும் கிரைசோடைலும் 300–400 டிகிரி செல்சியஸ் வாக்கில் இன்னொரு வகையான ஆன்டிகோரைட்டாக மாறும்போதே கணிசமாக இழந்துவிடுகின்றன. 600–700 டிகிரியில் ஆன்டிகோரைட்டும் சிதையும். ஸ்பெயினின் செர்ரோ தெல் அல்மிரெஸில் அந்த எல்லையைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபுளோரின் மட்டும் அதற்கு அப்பாலும் கிளினோஹியூமைட் என்ற கனிமத்தில் தங்கும். படிவிலும் பசால்ட்டிலும் அப்பட்டைட் என்ற பாஸ்பேட் கனிமம் சுமார் 200 கி.மீ. வரை, ஃபெஞ்சைட் என்ற மைக்கா 300 கி.மீ. வரை அதைக் கொண்டுபோகும்.

என் பெரிய கவலை அளவீடு. மின்னணுக் கற்றை பட்டுக் கனிமம் விடும் எக்ஸ்-கதிரை எண்ணும் மின்னணு நுண்ணாய்வியில், கதிரைப் பிரிக்கப் பல்லடுக்குப் படிகம் போட்டால் இரும்பின் எல்-ஆல்ஃபா கதிர்க்கோடு ஃபுளோரினின் கே-ஆல்ஃபா கோட்டின் மேல் ஏறிக்கொள்ளும். இரும்பு உள்ள ஃபெஞ்சைட்டில் இல்லாத ஃபுளோரின் தெரியும். அதற்குப் பதில் டிஏபி என்ற வேறு படிகம் போடட்டும்; கதிர் எண்ணிக்கை குறையும், நேரத்தைக் கூட்டினால் போதும். அப்பட்டைட்டில் படிகத்தின் நீள அச்சான சி-அச்சு கற்றைக்கு இணையாக இருந்தால் ஃபுளோரின் நகர்ந்து எண்ணிக்கை எகிறும். செங்குத்தாக இருக்கும் மணியைத் தேர்ந்தெடுத்து, கற்றையை 10 மைக்ரானுக்கு விரித்து, மின்னோட்டத்தைக் குறைக்கச் சொல்.

மற்ற மூன்றுக்கும் நியூட்ரான் கதிரூட்டல்தான் சரி: குளோரின் ஆர்கான்-38 ஆகும், புரோமின் கிரிப்டான்-80, அயோடின் செனான்-128; அந்த வாயுக்களை அளந்துகொள்ளலாம். முதலில் வெற்றிடத்தில் நொறுக்கினால், கனிமத்துக்குள் சிறைப்பட்ட திரவத் துளிகளில் இருப்பது வரும். பிறகு படிப்படியாகச் சூடாக்கினால் படிகக்கூட்டில் இருப்பது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிட்டால் எது கனிமம் சுமந்தது என்றே தெரியாமல் போகும். எபாக்சிப் பசை ஒட்டிய மணி ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, அதிலேயே குளோரின் இருக்கிறது.

அட்டவணையை ஹாலஜனுக்கு ஒன்றாக நாலு பத்தியாகப் பிரித்து எனக்கு அனுப்பச் சொல். அதுவரை இதழுக்கு அனுப்பவேண்டாம்.

அன்புடன்,
மணி