கிறவல் வீதியை டிப்பருக்கு மூடுங்கள்: படுவான்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

மட்டக்களப்பு மாவட்டத்தில் வீதிக்கும் வாய்க்காலுக்கும் சுற்றுலாவுக்கும் பொறுப்பாக இருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாகக் கடிதம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் கைகாட்டுகிறது. அதனால்தான் இந்த முறை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

வாய்க்கால் கட்டின் மேல் போகும் எங்கள் கிறவல் (சரளை மண்) வீதியின் கதை உங்களுக்குத் தெரியும். மணல் டிப்பர் எப்போது அதில் ஓடத் தொடங்கியது, யார் யார் முறைப்பாடு கொடுத்தார்கள், எத்தனை தடவை வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள் என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். போன மாதம் நடந்த இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் கூட்டிய கூட்டம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரையில் சைக்கிள் சுற்றுலாவை வளர்க்கப் போகிறோம் என்று சொல்லி ஒரு வரைபடம் தந்தீர்கள். உன்னிச்சைக் குளத்துப் பக்கமிருந்து வயல் நடுவே இறங்கி, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலைத் தொட்டு, மண்முனைப் பாலத்தால் வாவிக்கு அக்கரையான எழுவான்கரைக்கு ஏறும் ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டில் எங்கள் கட்டு வீதியும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 26 வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். நம்முடைய செம்மண் வீதிக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது என்று ஒரு கந்தோர் தாளில் போட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டாவது, அதற்கு நாலாம் நாள் காலை ஆறரை மணிக்கு அதே கட்டில் நடந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. என் கடைக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார்கள், என்னை மாமா என்று கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் நாலரைக் கிலோமீற்றர். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. கட்டு வீதியின் அகலம் டிப்பரின் அகலத்தைவிட இரண்டு முழம்தான் கூட. எதிரே டிப்பர் வந்தால் பிள்ளைகள் இறங்கி, சைக்கிளைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் விளிம்பில் முதுகை வைத்து நிற்க வேண்டும். தினமும் அப்படித்தான் நிற்கிறார்கள். அன்றைக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறது. ஹோர்ன் சத்தத்தில் திரும்பிப் பார்த்தவளின் முன்சில்லு, டிப்பர் சில்லு கிண்டி வைத்த பள்ளத்தில் இறங்கிவிட்டது. பிள்ளை வாய்க்காலுக்குள். டிப்பர் நிற்கவில்லை.

வயலுக்குப் போன இரண்டு பேர்தான் தூக்கி எடுத்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் முழங்காலளவுதான் ஓடியது என்பதால் இன்றைக்கு நான் மணிக்கட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெரும்போகத்துத் தண்ணீராக இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை. கொப்பி எல்லாம் நனைந்து, அவளுடைய அம்மா அவற்றை வேலிக் கம்பியில் விரித்துக் காயப்போட்டிருந்தார். மறுநாள் பிள்ளை மாக்கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்து, "மாமா, சைக்கிளத் திருத்தி வையுங்க, ஆனா அம்மா இனி அந்தக் கட்டால போக வேணாமெண்டு சொல்லிட்டா" என்றாள். அந்தக் கட்டை விட்டால் சுற்றிப் போக ஒன்பது கிலோமீற்றர். அவள் இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது ஒன்றுதான். வாய்க்கால் கட்டில் போகும் கிறவல் வீதியை டிப்பருக்கு மூடுங்கள்.

தாரும் கொங்கிறீட்டும் கேட்கவில்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் உங்களில் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, வெளிநாட்டுக்காரர் வருவதென்றால் முதலில் கார்ப்பெட் (வழுவழுப்பான தார்) போட வேண்டும் என்றார். உலகத்தில் இப்போது நிறையப் பேர் கார்ப்பெட் வீதியை விட்டு விலகிக் கிறவலைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கென்றே 'கிறவல் சைக்கிள்' என்று விற்கிறார்கள். டயர் அகலம் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீற்றர் வரை. காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்தால் சிறுகல்லில் துள்ளாமல் ஓடும். நம்முடைய பழைய 28 இஞ்சிச் சைக்கிளின் ஒன்றரை இஞ்சி டயரும் ஏறக்குறைய 40 மில்லிமீற்றர்தான். நம் அப்பாமார் இரண்டு மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு மிதித்ததும் இதே அகலத்தில்தான். நல்ல கிறவல் வீதி சைக்கிளுக்குப் போதும். நடுவே முதுகு உயர்த்தி, இரு பக்கமும் தண்ணீர் வழிந்தோட விட்டு, களி கலந்த கிறவலைப் போட்டு இறுக்கினால் அது வருடக்கணக்கில் நிற்கும். 3 கியூப், அதாவது 300 கன அடி மணல் ஏற்றினால் மணல் மட்டுமே 13 தொன்னுக்கு மேல் வரும். அந்தப் பாரம் தினமும் ஏறி இறங்கினால் மட்டும்தான் நிற்காது.

என் தம்பி சுவிஸில் வாலே மாநிலத்தில் இருக்கிறான். அந்த நாட்டில் அதிகம் வைன் எடுக்கும் மாநிலம் அதுதான். நடுவே ரோன் ஆறு. வெயில் விழும் பக்கத்து மலைச்சரிவெல்லாம் கல்லை அடுக்கிப் படிபடியாகக் கட்டிய திராட்சைத் தோட்டம். 1998இல் அந்த நாடு 9 தேசியச் சைக்கிள் பாதைகளைத் திறந்தபோது, முதலாம் இலக்கத்தை ரோன் ஆற்றோடு போகும் பாதைக்குத்தான் கொடுத்தது. சந்திக்குச் சந்தி சிவப்புப் பலகை இருக்கும். தோட்டத்துக்குள் போகும் சிறு வீதிகளில் இன்னொரு பலகை நிற்குமாம். மோட்டார் வாகனத்துக்குத் தடை, விவசாய வேலைக்கு மட்டும் அனுமதி. தோட்டக்காரரின் ட்ராக்டர் போகும், சைக்கிள் போகும், வேறொன்றும் போகாது. தம்பி சொன்னதில் என் மனதில் நின்றது வைனும் இல்லை, மலையும் இல்லை. அந்தப் பலகைதான்.

அங்கேயும் வாய்க்கால் இருக்கிறது. மலையிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய வாய்க்கால்களை 'பிஸ்' என்கிறார்கள். வாய்க்கால் காவல்காரர் நடந்து தேய்ந்த ஓரப்பாதையில்தான் இன்றைக்கு ஊர் பார்க்க வருபவர்களும் நடக்கிறார்கள். சுவிஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் பாரம்பரிய நீர்ப்பாசன முறையை யுனெஸ்கோ 2023இல் தன் பட்டியலில் சேர்த்தது. வயல்வெளித் தண்ணீருக்குப் பொறுப்பான நம் வட்டைவிதானையார் மண்வெட்டியும் டோர்ச்சுமாக இரவில் நடந்து தண்ணீர் பங்கிடும் கட்டு அதற்கு எந்த விதத்தில் குறைந்தது? அவர் நடந்த கட்டில்தானே இன்று மணல் போகிறது?

எனக்குக் கோபம் வருகிறது. மறைக்கவில்லை. அபிவிருத்தி என்று வரும்போதெல்லாம் லொறி போக வழி வெட்டுகிறீர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது, இனி வாவி கடக்கும் பாதைப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, நம் நெல்லும் தயிரும் நேரத்துக்கு அக்கரை போகும் என்று சந்தோஷப்பட்டோம். போகிறதுதான். ஆனால் அதிகாலையில் தயிர் முட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருபவர் கட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு முட்டி உடைந்துவிடுகிறது. அவருக்காக எந்தக் கூட்டம் கூட்டினீர்கள்? முறைப்பாடு எழுதிக் கொடுத்தால், மணலுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று பதில் வருகிறது. அனுமதிப்பத்திரம் இருந்தால் பெரிய வீதியால் போகட்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போக யாரிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும்?

மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

கட்டு வீதியின் இரண்டு முனையிலும் பூட்டுப் போட்ட குறுக்குக் கம்பி ஒன்று வையுங்கள். பக்கத்தில் ஒரு மீற்றர் இடைவெளி விட்டால் சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் போகும். திறப்பு வட்டைவிதானையாரிடம் இருக்கட்டும். விதைப்புக்கும் அறுவடைக்கும் மெஷினும் ட்ராக்டரும் வரும்போது அவர் திறந்து விடுவார். வீடு கட்ட மணல் வேண்டும் என்று யாராவது கேட்டால், எனக்கும்தான் வேண்டும், போன வருடம் நானும் ஒரு கியூப் பறித்தேன். பெரிய வீதியால் சுற்றி வந்தால் கூலி கொஞ்சம் கூடும். அந்தக் கூலியைக் கொடுக்க நான் தயார்.

சுற்றுலாப் பாதைக்கு அதற்கு மேல் பெரிய செலவில்லை. கம்பி விழுந்த பிறகு ஒருமுறை கிறவல் கொட்டி இறுக்க வேண்டும், சந்தியில் ஊர்ப்பெயரும் தூரமும் எழுதிய பலகை வேண்டும். நேரம் குறிக்கும்போது மட்டும் வட்டைக் காவல்காரரைக் கேளுங்கள். எந்த இடத்தில், எந்நேரம் யானை கடக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு மேற்குப் பக்கம் மிதிக்க விடாதீர்கள், வந்தவர்கள் களைத்து விழுந்துவிடுவார்கள். இதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் டிப்பரை நிறுத்துங்கள். உங்கள் பச்சைக் கோட்டில் வெள்ளைக்காரர் வந்து மிதிக்க முன், அந்தப் பிள்ளை மிதிக்க வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்க முன் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். ஜீப்பைக் கோயிலடியில் விட்டுவிடுங்கள். கடையில் ஆறு சைக்கிள் காற்றடித்துத் தயாராக வைக்கிறேன். அவளுடைய சைக்கிளின் ரிம்மையும் நிமிர்த்திவிட்டேன், புது ட்யூப் போட்டாயிற்று. அது கடை வாசலில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
தாழ்மையுடன்,
படுவான்கரையில் சைக்கிள் திருத்துபவன்