எல்லாம் அப்படியேதானா, கண்ணா?

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது "என்னப்பா விசேஷம்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் அப்படியேதான்" என்றாய். அதற்கு முந்தின வாரமும் இதே பதில்தான். குரலில் ஒரு அலுப்பு தெரிந்தது. அப்போதே ஏதாவது சொல்லியிருப்பேன், நீ அவசரத்தில் இருந்தாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ நடுவில் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று சொல்ல முடியாதே!

முதலில் அந்த "அப்படியே"வை எடுத்துக்கொள்கிறேன். நேற்று இதே நேரம் நீ இருந்த இடத்தில் இப்போது நீ இல்லை. நாற்காலி அதேதான், சரி. ஆனால் பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார், ஒரு நாளைக்கு 25 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வரும். நிலாவுக்கு மூன்று தடவை போய் வந்தாலும் அந்தத் தூரம் வராது. "வருஷம் முடிந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுமே" என்பாய், உன்னை எனக்குத் தெரியாதா! வராது. சூரியனே நம்மையெல்லாம் கூட்டிக்கொண்டு நொடிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பால்வெளி மண்டலத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சுற்று முடிய 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். "ஒரே இடத்தில் கிடக்கிறேன்" என்று தோன்றுகிற நாளில் இதை நினைத்துக்கொள். எனக்கு இது எப்போது நினைத்தாலும் தெம்பாக இருக்கும்.

உன் உடம்பும் அப்படியே இல்லை. குடலின் உள்பக்கப் படலம் சில நாளுக்கொரு முறை புதிதாகிவிடுகிறது. ரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். போகிறவற்றுக்கு ஈடாக நொடிக்கு 20 லட்சம் புது அணுக்கள் உன் எலும்பு மஜ்ஜையில் பிறந்துகொண்டிருக்கின்றன. லீவு நாளில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாயே, அப்போதும் அந்த வேலை நிற்பதில்லை. "இன்னைக்கு ஒண்ணுமே செய்யலம்மா" என்று இனிமேல் நீ சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ கிளம்பின அன்று உன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தேனே, அந்த மேல்தோல்கூட எப்போதோ உதிர்ந்து, புதுத்தோல் வந்தாயிற்று.

மாறாமல் இருப்பது ஒன்று உண்டு. கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் நடுப்பகுதி. அங்குள்ள புரதம் குழந்தை கருவில் இருக்கும்போதே உருவாகிவிடும். அதற்கப்புறம் உடம்பு அதை மாற்றுவதே இல்லை. ஆக, நீ என் வயிற்றில் இருந்தபோது உருவான ஒன்றின் வழியாகத்தான் இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறாய். இதை முதன்முதலாகத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுவும் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், மகனைப் பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில் அந்த மகனுடைய உடல் அணுக்கள் (செல்கள்) சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு தாய்க்குப் பிரசவம் ஆகி 27 வருஷம் கழித்தும் இருந்ததாம்! கர்ப்பத்தின்போது குழந்தையின் அணுக்களில் கொஞ்சம் தாயின் உடம்புக்குள் வந்து, அங்கேயே தங்கிவிடுகின்றன. பார்க்கிறவர்கள் எல்லாம் "பையன் தூரமாகப் போயிட்டானே" என்கிறார்கள். முழுசாகப் போகவில்லை என்று நம்புவதற்கு என்னிடம் விஞ்ஞான ஆதாரமே இருக்கிறது.

கண் பேச்சு வந்ததால் உனக்கு ஒரு வேலை. நாளைக்குப் பல் தேய்க்கும்போது கண்ணாடிக்குக் கிட்டப் போய் நில், மூக்கு தொடுகிற அளவுக்கு. உன் இடது கண்ணைப் பார். பிறகு வலது கண்ணைப் பார். திரும்ப இடது கண். கண் அசைகிறதா என்று கவனி. எத்தனை தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் அசைவது தெரியவே தெரியாது! பக்கத்தில் யாரையாவது நிறுத்திக் கேட்டால், "நல்லா அசையுதே" என்பார்கள். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்த நேரத்தில் வரும் கலங்கலான காட்சியை மூளை நமக்குக் காட்டாமல் அமுக்கிவிடுகிறது. இல்லாவிட்டால் ஒரு வரி படிப்பதற்குள் தலை சுற்றிவிடும். அப்புறம் போனை எடுத்து முன்பக்க கேமராவைத் திறந்து அதையே செய். இப்போது அசைவது தெரியும், ஏனென்றால் படம் ஒரு இம்மி பிந்தித்தான் திரையில் வருகிறது. நான் நேற்று ராத்திரி பத்துப் பதினைந்து தடவை செய்து பார்த்துவிட்டேன். உன் அப்பா வந்து எட்டிப் பார்த்தார், விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் கண்ணாடி எனக்குக் கிடைக்கவில்லை.

சிரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ராபர்ட் புரொவைன் என்று ஒரு உளவியலாளர், பொது இடங்களில் ஜனங்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் கவனித்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று கண்டார். அதைவிட முக்கியம், பெரும்பாலான சிரிப்புக்கு முன்னால் நகைச்சுவையே இருப்பதில்லை. "சரி, நான் வரட்டுமா" போன்ற சாதாரணப் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நாமும் அப்படித்தான். போன மாதம் என்னோடு பேசிக்கொண்டே "என் போனைக் காணோம்மா" என்று வீடெல்லாம் தேடினாயே! நானும் ஒரு நிமிஷம் "சட்டைப் பையில் பார்த்தியா?" என்று கூடச் சேர்ந்து தேடினேன். அது ஒன்றும் விசேஷம் இல்லைதான். ஆனால் அந்த வாரம் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன். "சொல்ல ஒண்ணுமில்ல" என்று நீ விட்டுவிடுகிறாயே, எனக்கு வேண்டியது அதுதான்.

வாயேஜர் 1 விண்கலம் ஞாபகம் இருக்கிறதா? நீ சின்ன வயதில் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாய். 1977 செப்டம்பரில் கிளம்பியது இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதன் டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு சின்ன பல்பு அளவு சக்திதான், 20 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதை வைத்துக்கொண்டு இன்னமும் வீட்டுக்குச் சேதி அனுப்புகிறது. 2023 நவம்பரில் திடீரென்று ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப அனுப்ப ஆரம்பித்தது, அர்த்தமே இல்லாமல். இங்கிருந்து ஒரு கேள்வி போய்ச் சேர ஏறக்குறைய 23 மணி நேரம், பதில் வர இன்னொரு 23 மணி நேரம். அப்படியும் பொறியாளர்கள் விடவில்லை. அதன் நினைவகத்தில் ஒரு சில்லு பழுதானதைக் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரலைப் பிரித்து வேறு இடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். 2024 ஏப்ரலில் வாயேஜர் மறுபடி புரிகிற மாதிரி பேசியது. அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் அப்படியேதான்" என்று நீ வாராவாரம் சொல்லும்போது எனக்கு அந்த வாயேஜர் ஞாபகம்தான் வருகிறது. நானும் விடுவதாக இல்லை.

கண்ணாடியில் என்ன பார்த்தாய் என்று எழுது. இன்றைக்கே வேண்டும் என்று கேட்கவில்லை, 23 மணி நேரம் எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா